கிஸ்லேவு முதல் நிசான் வரை: நெகேமியா காத்திருந்த நாலு மாசம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு பேசப்போறது ஜெபத்தைப் பத்தி. "ஐயோ, சண்டே கிளாஸா"ன்னு ஹெட்செட்டைக் கழட்டிடாதீங்க. ஜெபம் பண்ணா நல்லது நடக்கும், பண்ணலைன்னா கெட்டது நடக்கும்னு சொல்ற எபிசோட் இல்ல இது. ஜெபத்துக்கும் நாம எடுக்கிற முடிவுகளுக்கும் என்ன சம்பந்தம், அதுதான் கேள்வி. ஜெபம் பண்றவங்க எல்லாரும் புத்தியா முடிவெடுக்கிறதில்ல. அதுக்கு முதல் சாட்சி நான்தான்.

நாலு வருஷம் முன்னாடி ஒரு ஸ்டார்ட்அப்ல இருந்து எனக்கு ஆஃபர் வந்துச்சு. 70 சதவீதம் ஹைக். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி, ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள பதில் வேணும்னு சொன்னாங்க. ஞாயிறு ராத்திரி லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த வேலையை ஆசீர்வதியும்"னு சொல்லி, கண்ணைத் திறந்து, அக்செப்ட் பட்டனை அழுத்தினேன். மொத்தம் 40 செகண்ட் இருக்கும். அம்மா கேட்டாங்க, "ஜெபம் பண்ணினியாப்பா?" "பண்ணேன்மா." பொய் இல்லையே.

ஒன்பது மாசத்துல சம்பளம் நின்னுடுச்சு. முதல் மாசம் "டெக்னிக்கல் இஷ்யூ"ன்னாங்க. ரெண்டாவது மாசம் "ஃபண்டிங் வந்துட்டே இருக்கு"ன்னாங்க. மூணாவது மாசம் யாரும் எதுவும் சொல்லல. நான் வீட்ல மூச்சு விடல. ஆனா தங்கச்சிக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டுற தேதி வந்துச்சு, நான் "அடுத்த வாரம், அடுத்த வாரம்"னு தள்ளிட்டே இருந்தேன். திடீர்னு ஒரு நாள் ஃபீஸ் கட்டியாச்சுன்னு தங்கச்சி சொன்னா. எப்படின்னு நான் கேட்கல. கேட்கப் பயம். ரெண்டு மாசம் கழிச்சு நாசரேத்துல ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். அங்கே சர்ச் வாசல்ல போட்டோவுக்கு நிக்கும்போதுதான் கவனிச்சேன், அம்மா கழுத்துல இருந்தது கவரிங் செயின். நாலு பவுன் அடகுக் கடைக்குப் போயிருந்துச்சு.

இப்ப திரும்பிப் பார்த்தா, எச்சரிக்கை எல்லாமே என் கண் முன்னாடிதான் இருந்துச்சு. அந்தக் கம்பெனியில சம்பளம் லேட்டாகும்னு ரெண்டு பேர் ஆன்லைன்ல எழுதியிருந்தாங்க. படிச்சேன். "யாரோ பொறாமையில எழுதியிருக்காங்க"ன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அங்கே மூணு மாசம் வேலை பார்த்துட்டு வெளிய வந்த ஒருத்தர், என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு. ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணல. ஏன்னா அவர் என்ன சொல்வார்னு உள்ளுக்குள்ள எனக்குத் தெரியும்.

அன்னைக்கு நான் பண்ணதுக்கு டெவலப்பர் பாஷையில ஒரு பேர் வைக்கலாம். கோடை ஏற்கனவே புரொடக்ஷனுக்கு அனுப்பிட்டு, அப்புறம் சீனியர்கிட்ட போய் "ரிவ்யூ பண்ணி அப்ரூவ் மட்டும் போட்டுடுங்க"ன்னு கேக்கிற மாதிரி. அவர் கமென்ட் எழுதணும்னு நமக்கு ஆசை கிடையாது. எழுதினா கோபம்தான் வரும்.

சரி, ஜெபத்துக்கும் ஞானத்துக்கும் வருவோம். பைபிள்ல ஞானம்ங்கிறதுக்கு எபிரெயு மொழியில இருக்கிற வார்த்தை ஹோக்மா. நாம நினைக்கிற மாதிரி தாடி வெச்ச முனிவரோட ஞானம் மட்டும் இல்ல அது. யாத்திராகமத்துல ஆசரிப்புக் கூடாரத்துக்கு பொன்வேலை, வெள்ளிவேலை, மரவேலை செய்த பெசலெயேல்ங்கிற கைவினைஞருக்கு இருந்த திறமைக்கும் இதே வார்த்தைதான். அதாவது, கையில இருக்கிற பொருளைத் தெரிஞ்சு சரியா வேலை செய்யற திறமை. அதை வாழ்க்கைக்கு நீட்டினா ஞானம். யாக்கோபு தன் நிருபத்தோட ஆரம்பத்துலேயே, இது குறைவா இருக்கிறவங்க கடவுள்கிட்ட கேக்கலாம், கேக்கிறவங்களை அவர் திட்டாம கொடுப்பார்னு எழுதறார். நல்ல விஷயம். ஆனா எப்படிக் கொடுக்கிறார்? கேட்டு முடிச்சதும் மண்டைக்குள்ள டவுன்லோட் ஆகுமா?

அதுக்குத்தான் நெகேமியா கிட்டப் போறோம். பழைய ஏற்பாட்டுல அவர் பேர்லேயே இருக்கிற புத்தகம், 13 அதிகாரம். இந்த ஆளை லீடர்ஷிப் மீட்டிங், யூத் கேம்ப் எல்லாத்துலயும் இழுப்பாங்க. எருசலேமோட இடிஞ்சு கிடந்த மதிலை 52 நாள்ல கட்டி முடிச்சார், பாருங்க என்ன ஒரு புராஜெக்ட் மேனேஜர்னு. உண்மைதான், 52 நாள்தான். ஆனா அதுக்கு முன்னாடி நாலு மாசம் இருக்கு. அந்த நாலு மாசத்துல அவர் ஒரு கல்லைக்கூட தூக்கல. அதைப் பத்தி யாரும் ஸ்லைடு போடறதில்ல.

கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். கி.மு. 445 வாக்குல நடக்குது. இடம் சூசான், இன்னைய ஈரான்ல இருக்கு. பெர்சிய ராஜா அர்தசஷ்டா ஆட்சி. நெகேமியா ஒரு யூதர், ஆனா ராஜாவோட பானபாத்திரக்காரர். ராஜாவுக்கு திராட்சரசம் கொடுக்கிற வேலை. கேக்க சின்னதா இருக்கும். ஆனா இந்த ராஜாவோட அப்பா செர்க்சஸ் கி.மு. 465ல அரண்மனைக்குள்ளேயே கொல்லப்பட்டவர். அப்படிப்பட்ட வீட்ல ராஜா குடிக்கிற கோப்பையைக் கையில வாங்கறவர்னா, எவ்வளவு நம்பிக்கையான ஆளா இருக்கணும்னு யோசிங்க.

கிஸ்லேவு மாசம், நம்ம கணக்குக்கு நவம்பர்-டிசம்பர். ஆனானின்னு அவரோட சகோதரர் ஒருத்தர் யூதாவிலிருந்து வர்றார். ஊர்ல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு நெகேமியா விசாரிக்கிறார். மதில் இடிஞ்சு கிடக்கு, வாசல் கதவெல்லாம் எரிஞ்சு போச்சு, ஜனங்க அவமானத்துல இருக்காங்கன்னு பதில் வருது. நெகேமியா உட்கார்ந்து அழுதார். பல நாள் துக்கம். உபவாசம். ஜெபம்.

அடுத்த அதிகாரம் திறந்தா நிசான் மாசம். மார்ச்-ஏப்ரல். நடுவுல நாலு மாசம் போயிடுச்சு. அவர் ராஜாவுக்கு அவ்வளவு பக்கத்துல தினமும் நிக்கிற ஆள். வாயைத் திறந்தா போதும். திறக்கல. ஏன்?

இதுக்கு ஒரு காரணம் பக்கத்துல இருக்கிற எஸ்றா புத்தகத்துல இருக்கு, 4ஆம் அதிகாரம். எருசலேம்காரங்க ஊரைத் திரும்பக் கட்டறாங்க, கட்டி முடிச்சா வரி கட்டமாட்டாங்க, கலகம் பண்ணுவாங்கன்னு உள்ளூர் அதிகாரிங்க அர்தசஷ்டாவுக்கு மனு எழுதறாங்க. ராஜா பழைய பதிவேடுகளைத் தேடிப் பார்த்துட்டு, வேலையை நிறுத்துங்கன்னு உத்தரவு போடறார். அதாவது, நெகேமியா கேக்கப்போறது ஏதோ லீவு மட்டும் இல்ல. "ராஜாவே, நீங்க போட்ட உத்தரவை நீங்களே மாத்துங்க"ன்னு கேக்கப்போறார். அந்த உத்தரவுல ஒரு சின்ன இடம் மட்டும் திறந்திருந்துச்சு: என்கிட்ட இருந்து வேற கட்டளை வர்ற வரைக்கும் கட்டக்கூடாதுன்னு ராஜா எழுதியிருந்தார். டிசம்பர்ல அழுத கண்ணோட ஓடிப்போய்க் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா நானா இருந்தா டிசம்பர்லேயே கேட்டிருப்பேன். ஞாயிறு ராத்திரிக்குள்ள கேட்டிருப்பேன்.

அந்த நாலு மாசத்துல அவர் என்ன ஜெபம் பண்ணார்னு முதல் அதிகாரத்துல ஒரு மாதிரி இருக்கு. அதை மெதுவா பார்க்கணும், ஏன்னா நம்ம கேள்விக்கான பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

முதல்ல அவர் பிரச்சினையைச் சொல்லல. கடவுள் யார்ங்கிறதுல ஆரம்பிக்கிறார். அது வழக்கமான ஆரம்பம்தான், நாம எல்லாருமே அப்படி ஆரம்பிக்கிறோம். அடுத்து வர்றதுதான் எனக்கு உறுத்தின இடம். பாவ அறிக்கை. அதுல "அவங்க தப்பு பண்ணாங்க"ன்னு இல்ல. நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவம் செஞ்சோம்ங்கிற அர்த்தத்துல சொல்றார். கொஞ்சம் கணக்கு பாருங்க. பாபிலோனியர்கள் எருசலேமை எரிச்சது கி.மு. 586ல. இவர் நிக்கிறது 445ல. 140 வருஷம் முன்னாடி நடந்த நாசத்துக்கு இவர் எப்படிப் பொறுப்பாக முடியும்? ஆனாலும் தன்னை அந்தப் பட்டியல்ல சேர்த்துக்கிறார். பிரச்சினைக்கு வெளிய நின்னு "நான் ஃபிக்ஸ் பண்ண வந்திருக்கேன்"னு சொல்லல. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி இது வேலை செய்யும்.

அப்புறம் மோசே மூலமா கொடுத்த வாக்கை கடவுளுக்கே ஞாபகப்படுத்தறார். வழி தவறினா சிதறடிப்பேன், திரும்பி வந்தா எங்கே இருந்தாலும் கூட்டிச் சேர்ப்பேன்னு உபாகமத்துல வர்ற விஷயம். அவர் தன் ஆசையை மட்டும் வெச்சுக்கிட்டு ஜெபம் பண்ணல. ஏற்கனவே எழுதியிருக்கிறதோட தன் ஆசையை ஒப்பிட்டுப் பார்க்கிறார். என்னோட 40 செகண்ட் ஜெபத்துல இது சுத்தமா கிடையாது. அதுல இருந்தது என் ஆசை மட்டும்.

கடைசியாதான் கோரிக்கை வருது, அதுவும் ஒரே வரியில. இந்த மனுஷன் முன்னாடி எனக்கு இரக்கம் கிடைக்கணும், அவ்வளவுதான். அந்த "இந்த மனுஷன்" யார்னு பார்த்தா, அர்தசஷ்டா! இந்தியாவின் எல்லையிலிருந்து எகிப்து வரைக்கும் ஆண்ட ராஜா. வெளிய போனா அவர் முன்னாடி "ராஜா என்றைக்கும் வாழ்க"ன்னுதான் நெகேமியா பேசறார், மரியாதையில ஒரு குறையும் இல்ல. ஆனா ஜெபத்துக்குள்ள ராஜா ஒரு மனுஷன். முடிவெடுக்கும்போது நாம சொதப்பறதுக்குப் பாதிக் காரணம், யாரோ ஒருத்தர் நம்ம மண்டைக்குள்ள அளவுக்கு மீறி பெரிசா உட்கார்ந்திருக்கிறதுதான். மேனேஜர், மாமனார், எச்.ஆர்., சொந்தக்காரங்க. ஜெபத்துல அவங்க தங்களோட உண்மையான சைஸுக்கு வந்துடறாங்க.

இப்ப நிசான் மாசம். ராஜா கேக்கிறார், உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, முகம் ஏன் வாடியிருக்கு? அப்போ ரொம்பப் பயந்துட்டேன்னு நெகேமியாவே எழுதறார். நாலு மாசம் ஜெபம் பண்ணினவருக்கும் பயம் போகல, கவனிச்சீங்களா? ஜெபம் பண்ணா பயமே வராதுன்னு யாராவது சொன்னா இந்த வசனத்தைக் காட்டுங்க. பயத்தோடயே ஊர் நிலைமையைச் சொல்லிடறார். ராஜா, உனக்கு என்ன வேணும்ங்கிறார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல நெகேமியா ஒரு ஜெபம் பண்றார். வாய்விட்டு இல்ல, கண்ணை மூடியிருக்கவும் முடியாது. மூணு செகண்ட் இருந்திருக்குமா? என் 40 செகண்டை விடக் கம்மி!

அப்போ நீளம் முக்கியமில்லைன்னு ஆகுதே? இங்கேதான் விஷயம். வேலையில நைட் ஆன்-கால் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடுச்சுன்னா, அப்போ உட்கார்ந்து ரன்புக் எழுத முடியாது. ஏற்கனவே எழுதி வெச்சிருந்தா மூணு செகண்ட்ல திறக்கலாம். அந்த மூணு செகண்ட் ஜெபத்துக்குப் பின்னாடி நாலு மாசம் இருக்கு. எனக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல.

அவர் கொடுத்த பதிலைப் பாருங்க, அதுல ஆன்மிக வார்த்தை ரொம்பக் கம்மி. எத்தனை நாள்ல திரும்பி வருவேன்னு ஒரு காலம் குறிச்சுக் கொடுக்கிறார். நதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளுநர்களுக்கு வழிக்கடிதம் கேக்கிறார். ராஜாவோட வனத்தைப் பார்த்துக்கிற ஆசாப்னு ஒரு அதிகாரி, அவர் பேரையே சொல்லி, மரத்துக்கு ஒரு கடிதம் கேக்கிறார். கோட்டை வாசலுக்கு, மதிலுக்கு, தான் தங்கப்போற வீட்டுக்கு. எந்த டிபார்ட்மென்ட்ல யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்ங்கிற வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்கார். சூசானிலிருந்து எருசலேம், நேர்கோட்டுல அளந்தாலே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. அழுகையில ஆரம்பிச்ச ஜெபம் நாலு மாசத்துல ஒரு பட்டியலா மாறியிருக்கு.

எருசலேமுக்குப் போனதும் இன்னொண்ணு பண்றார். மூணு நாள் சும்மா இருக்கார். அப்புறம் ராத்திரியில, சில பேரோட, தான் ஏறின ஒரே ஒரு மிருகத்தோட கிளம்பி இடிஞ்ச மதிலைச் சுத்திப் பார்க்கிறார். ஒரு இடத்துல இடிபாடு அதிகமாகி மிருகம் போகவே வழி இல்ல. கடவுள் என் மனசுல வெச்சதை அதுவரை யார்கிட்டயும் சொல்லலைன்னு எழுதறார். கடவுள்தான் அனுப்பினார்ங்கிற நம்பிக்கை இருந்தும், நேர்ல போய் லாக் பார்க்காம ஒரு வார்த்தை பேசல. எதிரிங்க தாக்க வர்றாங்கன்னு தெரிஞ்சப்பவும் இப்படித்தான், ஜெபம் பண்ணாங்க, காவலும் போட்டாங்க, ரெண்டும் ஒரே வசனத்துல வருது.

இங்கே ஒரு கேள்வி வரும். போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தங்க வாய்ஸ் நோட்டே அனுப்பியிருந்தாங்க: "ப்ரோ, இது வெறும் யோசிச்சுப் பார்க்கிறதுதானே? ஜர்னல் எழுதினா, தெரபிஸ்ட்கிட்ட பேசினா இதே தெளிவு வராதா?" நியாயமான கேள்வி. நிறைய அளவுக்கு வரும், ரெண்டும் நல்லதும்கூட. நான் ஜர்னல் எழுதறவன். ஆனா என் அனுபவத்துல ஒரு வித்தியாசம் இருக்கு. ஜர்னல்ல நான்தான் பேசறேன், நான்தான் கேக்கிறேன், கடைசியில நான்தான் எனக்கு மார்க் போடறேன். ஜெபத்துல, அதை உண்மையா பண்ணா, எதிர்ல இருக்கிறவர் "வேண்டாம்"னு சொல்லலாம்ங்கிற இடத்துல போய் நிக்கிறேன். இதை உங்களுக்கு நிரூபிச்சுக் காட்ட என்கிட்ட எதுவும் இல்ல. நம்பறவன் பேசறேன்னு எடுத்துக்கங்க.

சாலொமோனோட ஜெபத்தையும் இந்த இடத்துல சொல்லணும். கிபியோன்ல கனவுல கடவுள், என்ன வேணும் கேள்னு சொன்னப்போ அவர் ஞானம் கேட்டார்னு நமக்குத் தெரியும். எபிரெயு மூலத்துல அந்தச் சொற்களுக்கு நேர் அர்த்தம், கேட்கிற இருதயம். காது கொடுக்கிற மனசு. பேசறதுக்கான ஞானம் இல்ல, கேக்கிறதுக்கானது. அதே சாலொமோன் வயசான காலத்துல அந்தக் காதை மூடிட்டார்ங்கிறதும் அதே புத்தகத்துல, 1 இராஜாக்கள் 11ல இருக்கு. இள வயசுல ஒரு நல்ல ஜெபம் பண்ணிட்டா ஆயுசுக்கும் செல்லும்னு கிடையாது.

நம்ம சர்ச் வட்டாரத்துல வளர்ந்தவங்களுக்கு 6ஆம் அதிகாரம் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன். மதில் முடியற நேரம். சன்பல்லாத்து, கேஷேம்னு ரெண்டு எதிரிங்க. ஓனோ சமவெளிக்கு வாங்க, பேசலாம்னு நாலு தடவை ஆள் அனுப்பறாங்க. பெரிய வேலை ஒண்ணு கையில இருக்கு, வர முடியாதுன்னு நாலு தடவையும் ஒரே பதில் சொல்றார். அது சுலபம். எதிரி எதிரியாவே வந்தா யாருக்கும் தெரியும். அடுத்தது செமாயான்னு ஒருத்தர். அவர் தீர்க்கதரிசனம் சொல்றார்: ராத்திரி உங்களைக் கொல்ல வர்றாங்க, வாங்க, ஆலயத்துக்குள்ள போய் கதவைப் பூட்டிக்கலாம். கேக்க எவ்வளவு பக்தியா இருக்கு! ஆலயம், பாதுகாப்பு, கடவுளோட வார்த்தை.

நெகேமியா போகல. இவரை கடவுள் அனுப்பலைன்னு உணர்ந்தேன்கிறார். பின்னாடி பார்த்தா, தொபியாவும் சன்பல்லாத்தும் காசு கொடுத்து அவரை அமர்த்தியிருக்காங்க. எப்படித் தெரிஞ்சுது? ஆலயத்துக்குள்ள நுழையறது ஆசாரியர்களுக்கு உள்ள உரிமை, இவர் ஆசாரியர் இல்ல. பயத்துல தப்பு ஒண்ணைப் பண்ண வெச்சு, அப்புறம் பேரைக் கெடுக்கிறதுதான் பிளான். தினமும் ஒரு குரலைக் கேட்டுப் பழகினவருக்கு, அந்தக் குரல் மாதிரியே பேசற இன்னொரு குரலோட சுருதி பேதம் தெரிஞ்சுது. "ஆண்டவர் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்றார், இந்த வரனை விடாதீங்க, இந்த பிசினஸ்ல பணம் போடுங்க"ன்னு யாராவது உங்ககிட்ட சொன்னா, செமாயாவை நினைச்சுக்கங்க. எல்லாரும் ஏமாத்தறாங்கன்னு சொல்லல. உங்க ஜெபத்தை அடுத்தவங்ககிட்ட அவுட்சோர்ஸ் பண்ணாதீங்கன்னு சொல்றேன்.

அடகுக் கடைன்னு சொன்னேன்ல, 5ஆம் அதிகாரத்துல அதுவும் வருது. மதில் கட்டற நடுவுல ஏழை ஜனங்க அழுதுட்டு வர்றாங்க. பஞ்சம், ராஜாவுக்கு வரி. வயலையும் வீட்டையும் அடமானம் வெச்சாச்சு, பிள்ளைங்களை அடிமையா கொடுத்தாச்சு. கடன் கொடுத்தது வெளியாளுங்க இல்ல, சொந்த யூதப் பெரிய மனுஷங்க. நெகேமியாவுக்கு ரொம்பக் கோபம் வருது. ஆனா உடனே கத்தல. தனக்குள்ள யோசிச்சுட்டு, அப்புறம்தான் கூட்டத்தைக் கூட்டிக் கேக்கிறார். கேக்கும்போது, நானும் என் சகோதரரும் என் ஆட்களும்கூட பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கோம், இதை நாம எல்லாரும் விட்டுடலாம்னு சொல்றார். சூசான்ல "நானும்"னு ஜெபம் பண்ணார் பாருங்க, அது இங்கே வேலை செய்யுது. வயலும் வீடும் திரும்பக் கிடைச்சுது. அவரும் 12 வருஷம் ஆளுநருக்கு உரிய படியை வாங்கிக்கல.

எல்லாம் சரியா பண்ணினவர்னு அவரை ஆக்கிட வேண்டாம். 13ஆம் அதிகாரத்துல கோபத்துல சில பேரை அடிச்சு மயிரைப் பிடுங்கினேன்னு அவரே எழுதியிருக்கார். அதை எப்படி வாசிக்கிறதுன்னு தனியா ஒரு எபிசோடே பண்ணலாம்.

என் கதையில ஒரு பாகம் மிச்சம் இருக்கு. போன வருஷம் நடந்தது, வேற கம்பெனி, நான் லீட். ஏழு பேர் டீம். ஒரு திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேர் பேர் வேணும்னார். எதுக்குன்னு அவர் சொல்லல, எனக்குத் தெரியும். ரூமை விட்டு வெளிய வரும்போதே என் மனசுல ஒரு பேர் ரெடியா இருந்துச்சு. கஷ்டமே இல்லாம வந்துச்சு.

எனக்கு நாலு மாசம் இல்ல, நாலு நாள். காலையில ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன். முதல் நாள் நான் பண்ணதை ஜெபம்னு சொல்ல முடியாது, மேனேஜர் மேல ஒரு நீளமான கம்ப்ளெயின்ட். ரெண்டாவது நாள் நெகேமியாவோட ஆர்டர்ல போய்ப் பார்க்கலாம்னு நினைச்சேன். அறிக்கை பண்ற இடத்துல "நான்"னு ஆரம்பிக்கணும். நான் என்ன பண்ணேன்? அங்கேதான் மாட்டினேன். அந்தப் பேர் ரெடியா வந்ததுக்குக் காரணம் அவர் வேலை இல்ல. கோட் ரிவ்யூல எல்லார் முன்னாடியும் என்னை ரெண்டு தடவை திருத்தினவர் அவர். ரெண்டு தடவையும் அவர் சொன்னதுதான் சரி.

புதன்கிழமை டிக்கெட் எல்லாத்தையும் திறந்து பார்த்தேன். யாரும் தொட விரும்பாத பழைய மாட்யூல் மொத்தமும் அவர் தலையில இருந்துச்சு. பாதி ராத்திரி அலெர்ட் எல்லாம் அவருக்குத்தான். புது ஃபீச்சர் எண்ணிக்கையில இதெல்லாம் தெரியாது. வியாழக்கிழமை ஒரு பேப்பர்ல ஏழு பேரும் என்ன பண்றாங்க, யார் போனா எது நிக்கும்னு எழுதி, கிளவுட் பில்லுல குறைக்க முடியற தொகையையும் எழுதி எடுத்துட்டுப் போனேன். மேனேஜர் கதவு வெளிய நிக்கும்போது கை வியர்த்துச்சு. மூணு செகண்ட் ஜெபம்.

ரெண்டு பேர்ங்கிறது ஒருத்தர் ஆச்சு. ஒண்ணும் இல்லைன்னு ஆகல. அந்த ஒரு பேரை நான்தான் எழுதினேன். ஜெபம் பண்ணிட்டுத்தான் எழுதினேன். டீம்ல புதுசா சேர்ந்த ஒருத்தங்க. நானே நேர்ல சொன்னேன், ரெஃபரல் தர்றேன்னேன். வேண்டாம்னுட்டாங்க. இப்பவும் என் மெசேஜுக்கு பதில் வர்றதில்ல. அந்த இன்னொருத்தர் இன்னும் டீம்லதான் இருக்கார், போன வாரம்கூட ரிவ்யூல 14 கமென்ட் போட்டார்.

அம்மாவோட செயினை மீட்டாச்சு, அதைச் சொல்லாம விட்டா தங்கச்சி திட்டுவா. வட்டியோட சேர்த்து மீட்க 11 மாசம் ஆச்சு.

அடுத்த எபிசோட் 13ஆம் அதிகாரம், அந்த மயிரைப் பிடுங்கின கதை. அதுக்கு முன்னாடி நெகேமியா முதல் ரெண்டு அதிகாரத்தை வாசிச்சுட்டு வாங்க, பஸ்ல போகும்போதே முடிச்சுடலாம். உங்க கேள்வியை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருந்தா நல்லது. பார்ப்போம் மக்களே.